கண் எவ்வளவு, கசிவு எவ்வளவு: 21 செ.மீ. அலைக்கு வலைத் தட்டு ஆன்டெனா கட்டும் முறை

புணே மாவட்டத்தில் கோடத் கிராமத்தைச் சுற்றி நிற்கும் ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ தொலைநோக்கியில் 30 தட்டுகள். ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டம். அவற்றின் முகத்தில் தகடே கிடையாது. 0.55 மி.மீ. எவர்சில்வர் கம்பியால் ஆன வலைதான். தட்டின் மொத்தப் பரப்பில் கம்பி அடைத்திருப்பது ஏறக்குறைய 7 சதவீதம், மீதியெல்லாம் ஓட்டை. அந்த ஓட்டைக்கு என்ன விலை, அதனால் என்ன லாபம் என்ற கணக்கு புரிந்துவிட்டால், கல்லூரி மொட்டைமாடியில் 2.4 மீட்டர் தட்டு ஒன்றைக் கட்டி, பால்வீதியின் ஹைட்ரஜன் அலையைப் பிடித்துவிடலாம்.

வலை ஏன் கண்ணாடி போல வேலை செய்கிறது

ரேடியோ அலையின் மின்புலம் ஒரு கம்பியின் நீளத்துக்கு இணையாக அதிர்ந்தால், கம்பியில் மின்னோட்டம் ஓடும். அந்த ஓட்டம் தன் பங்குக்கு அலையைத் திருப்பி வீசும். பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளுக்கு இடையே உள்ள தூரம் அலைநீளத்தைவிட மிகக் குறைவாக இருந்தால், அலைக்கு ஓட்டை தெரியாது. தகட்டில் பட்டது போலவே திரும்பும். கம்பிக்குக் குறுக்காக மின்புலம் அதிர்ந்தால் மெல்லிய கம்பியில் ஓட்டம் கிடையாது. அந்த அலை தடையில்லாமல் ஊடுருவிப் போய்விடும்.

ஊட்டி முத்தோரையில் உள்ள தொலைநோக்கி இதை அப்படியே பயன்படுத்திக்கொள்கிறது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம் கொண்ட பரவளைய உருளை அது. அதன் முகம், நீளவாக்கில் ஓடும் 1100 எவர்சில்வர் கம்பிகள் மட்டும். ஒவ்வொரு கம்பியும் 0.38 மி.மீ. தடிமன். குறுக்குக் கம்பி கிடையாது. குவியக் கோட்டில் உள்ள இருமுனை ஆன்டெனாக்களும் அதே வடக்கு–தெற்கு திசையில் கிடப்பதால் குறுக்குக் கம்பி போட்டாலும் பயனில்லை. இரண்டு திசை அதிர்வும் வேண்டுமென்றால்தான் சதுரக் கண் வலை தேவை. ஜி.எம்.ஆர்.டி.க்கு அது தேவைப்பட்டது. நமக்கும் சதுரக் கண்தான் வசதி, ஃபீடை (தட்டு குவிக்கும் அலையைக் குவியத்தில் நின்று வாங்கும் பகுதியை) எந்தப் பக்கம் திருப்பினாலும் கவலை இல்லை.

கசிவுக் கணக்கு

"கண் அலைநீளத்தில் பத்தில் ஒன்றுக்குள் இருந்தால் போதும்" என்று ஒரு வாய்ப்பாடு சொல்வார்கள். அது பாதி உண்மைதான். கம்பியின் தடிமனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கணக்கு இதுதான்: கண் அகலத்தை (கம்பி நடுவிலிருந்து அடுத்த கம்பி நடு வரை) கம்பி விட்டத்தின் 3.14 மடங்கால் வகுத்து, வந்ததற்கு இயல் மடக்கை (கால்குலேட்டரில் ln) எடுங்கள். அதைக் கண் அகலத்தால் பெருக்கி, அலைநீளத்தால் வகுத்து, இரண்டால் பெருக்குங்கள். கிடைத்த எண்ணை வர்க்கப்படுத்துங்கள். அந்த வர்க்கத்தை, ஒன்றோடு அதையே கூட்டிய தொகையால் வகுத்தால் வருவதுதான் கசிவு.

ஹைட்ரஜன் அலையின் நீளம் 211 மி.மீ. அரை இஞ்சு வலை, அதாவது 12.7 மி.மீ. கண், 1 மி.மீ. கம்பி என்றால் கசிவு சுமார் 2.8 சதவீதம். கால் இஞ்சு வலை, 0.6 மி.மீ. கம்பி என்றால் 0.5 சதவீதம். ஒரு இஞ்சு வலையில் 1 மி.மீ. கம்பி இருந்தால் 20 சதவீதம். கண் இரண்டு மடங்கானால் கசிவு இரண்டு மடங்கு என்று நினைப்பவர்கள் ஒரு இஞ்சு வலை வாங்கி மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அரை இஞ்சுக்கும் ஒரு இஞ்சுக்கும் நடுவே உள்ள 17 சதவீத சிக்னல் இழப்பைப் பற்றி யாரும் அலட்டிக்கொள்ள வேண்டாம். கெடுதல் வேறு பக்கம் வருகிறது. சிக்னல் எந்த ஓட்டை வழியாக வெளியே போகிறதோ, அதே ஓட்டை வழியாகத் தரையின் வெப்ப இரைச்சல் உள்ளே வரும். இந்த இரைச்சலை வெப்பநிலையாகவே, கெல்வினில் சொல்வார்கள். தரை சுமார் 300 கெல்வின். 2.8 சதவீதக் கசிவில் 8 கெல்வின் சேரும், தாங்கலாம். 20 சதவீதத்தில் 60 கெல்வின். காசு கொடுத்து வாங்கிய நல்ல ஆம்ப்ளிஃபயரின் மொத்த இரைச்சலே அவ்வளவுதான் இருக்கும்.

ஜி.எம்.ஆர்.டி. தட்டில் ஒரே வலை இல்லை. நடுவில் 10 மி.மீ. கண், அதற்கு வெளியே 15 மி.மீ., விளிம்பில் 20 மி.மீ. மேலே சொன்ன கணக்கைப் போட்டால் 21 செ.மீ. அலைக்கு முறையே 2.7, 8.6, 18 சதவீதம் வரும். விளிம்பில் இவ்வளவு கசிவை ஒத்துக்கொண்டதற்குக் காரணங்கள் உண்டு. ஃபீடு தட்டின் நடுவைத்தான் முழு வலுவோடு பார்க்கும், விளிம்பை மங்கலாகத்தான் பார்க்கும். ஆகவே அங்கே கசிவது அவ்வளவாக உறுத்தாது. காற்றோ விளிம்பைத் தள்ளும்போதுதான் நெம்புகோல் நீளம் அதிகம். தவிர, அந்தத் தொலைநோக்கியின் முக்கிய வேலை நீள அலைகளில். 327 மெகாஹெர்ட்ஸில் அதே 20 மி.மீ. கண் ஒரு சதவீதம்தான் விடுகிறது. அதன் மேல் எல்லை 1450 மெகாஹெர்ட்ஸ் அளவோடு நிற்பதற்கு வலையும் ஒரு காரணம். இங்கிலாந்தில் ஜோட்ரெல் பேங்கின் 76 மீட்டர் தட்டை முதலில் வலையில்தான் திட்டமிட்டார்கள். 1951இல் 21 செ.மீ. அலை கண்டறியப்பட்ட பிறகு எஃகுத் தகட்டுக்கு மாறினார்கள். எடையும் செலவும் எகிறின.

காற்றின் பக்கம் லாபத்தைப் பார்ப்போம். 2.4 மீட்டர் தட்டின் பரப்பு 4.5 சதுர மீட்டர். மணிக்கு 100 கி.மீ. காற்று நேராக அடித்தால், தகடாக இருந்தால் ஏறக்குறைய 300 கிலோ எடைக்குச் சமமான தள்ளல். அரை இஞ்சு வலையில் கம்பி அடைப்பது 15 சதவீதம் என்பதால் 50 கிலோ சுற்றுவட்டத்தில் நின்றுவிடும். கால் இஞ்சு வலை கசிவில் இன்னும் நல்லதுதான். ஆனால் மொட்டைமாடிக்கு அரை இஞ்சே சரியான சமரசம்.

வாங்க வேண்டியவை

வெல்டட் மெஷ் என்று கேட்டு வாங்குங்கள்: அரை இஞ்சு கண், 19 அல்லது 20 கேஜ், ஜி.ஐ. (துத்தநாகப்) பூச்சு, 4 அடி அகல ரோலில் 6 மீட்டர். பின்னல் வலை வேண்டாம், இழுத்தால் கண் கோணும். அறுகோணக் கண் கொண்ட கோழிக்கூண்டு வலை இரு திசையிலும் ஒரே மாதிரி பிரதிபலிக்காது; இழுக்க இழுக்க நீளும். பச்சை பிளாஸ்டிக் பூசியது பரவாயில்லை, உள்ளே கம்பி இருக்கும் வரை. முழு பிளாஸ்டிக் வலை எதையும் திருப்பாது.

விலாக்களுக்கு (மையத்திலிருந்து விளிம்புக்கு ஓடி வலையைத் தாங்கும் வளைந்த சட்டங்கள்) 19 மி.மீ. ஜி.ஐ. சதுரக் குழாய், 1.2 மி.மீ. தடிப்பு, 20 அடி நீளத்தில் மூன்று. ஒரு குழாயில் நான்கு விலா வீதம் பன்னிரண்டு கிடைக்கும். விளிம்புக்கு 20×3 மி.மீ. பட்டை, 20 அடியில் இரண்டு. நடுவில் 30 செ.மீ. விட்டத்தில் 5 மி.மீ. எம்.எஸ். (மென் எஃகு) தகடு ஒன்று, அதே அளவில் 1 மி.மீ. ஜி.ஐ. தகடு ஒன்று. கட்டுவதற்கு ஜி.ஐ. கம்பி, கட்டிட வேலைக்கு விற்கும் கருப்புக் கட்டுக்கம்பி ஒரு மழைக்காலத்தில் துருவாகிக் கரையும். எல்லாம் சேர்ந்து 22 கிலோ அளவில் முடியும், இரண்டு பேர் தூக்கலாம்.

வளைவு

குவியத் தூரத்தை 1 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் கணக்கு வாய்ப்பாடாகிவிடும்: மையத்திலிருந்து தூரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கப்படுத்தி, நாலால் வகுத்தால் அந்த இடத்தின் உயரம். 20 செ.மீ. தூரத்தில் 10 மி.மீ.; 40இல் 40; 60இல் 90; 80இல் 160; 1 மீட்டரில் 250; விளிம்பில், 1.2 மீட்டரில், 360 மி.மீ. விட்டத்தோடு ஒப்பிட்டால் குவியத் தூரம் 0.42 மடங்கு. டப்பா ஃபீடுக்கு இது தோதான விகிதம்.

ஒரு பிளைவுட் பலகையில் இந்தப் புள்ளிகளைக் குறித்து வளைவு வரைந்து, அதன் ஓரமாக மரக்கட்டைகளை ஆணியடித்து அச்சு செய்யுங்கள். குழாயை வளைத்து விட்டதும் கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளும். ஆகவே அச்சின் வளைவு வேண்டிய வளைவைவிடச் சற்று இறுக்கமாக இருக்கட்டும். முதல் விலாவை வரைந்த கோட்டின் மேல் வைத்துப் பார்த்து அச்சைத் திருத்திய பிறகே மற்ற பதினொன்றையும் வளைக்க வேண்டும். கோட்டுக்கும் குழாய்க்கும் இடைவெளி எங்கும் 3 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. விலாவின் நீளம், வளைவோடு அளந்தால் மையத்திலிருந்து 1.27 மீட்டர், பன்னிரண்டு குழாய் மையத்தில் ஒன்றோடொன்று முட்டுமென்பதால் உள்முனையில் 5 செ.மீ. வெட்டிவிட்டு, 5 மி.மீ. தகட்டின் மேல் ஒவ்வொன்றுக்கும் இரண்டு போல்ட் போடுங்கள். மெல்லிய தகடு பிற்பாடு வலையின் மேல் மூடியாக வரும்.

விளிம்புப் பட்டையை வட்டமாக வளைக்காதீர்கள். ஒரு விலா முனையிலிருந்து அடுத்த முனைக்கு நேராக, 62 செ.மீ. துண்டுகளாகப் போடுங்கள். வலை ஒரு திசையில் மட்டும் வளையக் கூடியது. வட்ட விளிம்பு வைத்தால் இரண்டு திசையிலும் வளையச் சொல்லி வற்புறுத்துவோம். அது சுருக்கம் விழுந்து பதில் சொல்லும்.

வலையைப் பூட்டுவதற்கு முன் நூல் சோதனை. எதிரெதிர் விலா முனைகளை நூலால் இணையுங்கள். ஆறு நூல்களும் நடுவில் ஒன்றையொன்று தொட வேண்டும், தள்ளவும் கூடாது. ஒரு நூல் மற்றதற்கு மேலே 1 செ.மீ. தள்ளி நின்றால் விளிம்பு முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். தாழ்ந்த விலாவின் போல்ட்டைத் தளர்த்தி, தகட்டுக்கும் குழாய்க்கும் நடுவே வாஷர் வைத்துத் தூக்குங்கள். பிறகு நூலிலிருந்து மையத்துக்கு ஆழம் 360 மி.மீ., 60 செ.மீ. தூரத்தில் 270, 80இல் 200, 1 மீட்டரில் 110 என்று சரிபாருங்கள்.

எவ்வளவு பிசகு தாங்கும்? பரப்பின் சராசரிப் பிசகு 5 மி.மீ. என்றால் 21 செ.மீ. அலையில் 8 முதல் 9 சதவீதம் திறன் போகும், 10 மி.மீ. என்றால் 30 சதவீதம் போய்விடும். ஐந்துக்குள் நிற்பது கையால் செய்யும் வேலைக்கு எட்டக்கூடியதுதான்.

வலையைக் கட்டுதல்

ஒவ்வொரு இரண்டு விலாவுக்கும் நடுவே ஒரு துண்டு: விளிம்புப் பக்கம் 70 செ.மீ., மையப் பக்கம் 15 செ.மீ., உயரம் 1.18 மீட்டர். இருபுறமும் 4 செ.மீ. மடிப்பு இதிலேயே அடக்கம். ரோலில் ஒன்றை நேராகவும் அடுத்ததைத் தலைகீழாகவும் வைத்து வெட்டினால் 5.4 மீட்டரில் பன்னிரண்டும் முடியும். கையுறை இல்லாமல் வெட்ட வேண்டாம்.

மையப் பக்கத்தை முதலில் கட்டி, விளிம்பை நோக்கி இழுத்தபடி, 5 செ.மீ.க்கு ஒரு கட்டு. பக்கத்துத் துண்டு விலாவின் மேல் குறைந்தது மூன்று கண் மேலேறிப் படிய வேண்டும். சேரும் இடத்தில் நீளமாக ஒரு பிளவு விட்டால், அதற்குக் குறுக்கே ஓட வேண்டிய மின்னோட்டம் அறுபட்டு, அந்தப் பிளவே ஒரு ஆன்டெனாவாகக் கசியும். கட்டும் கம்பியைத் தட்டின் பின்பக்கம் முறுக்குங்கள்.

இப்போது ஒரு நுட்பம். இரண்டு விலாவுக்கு நடுவே வலை நேராகப் போகிறது, உண்மைப் பரவளையமோ அங்கே பின்னால் குழிந்திருக்க வேண்டும். ஆகவே விலாக்களுக்கு நடுவில் வலை எப்போதும் குவியத்தை நோக்கிக் கொஞ்சம் தூக்கி நிற்கும். பன்னிரண்டு விலாவில், விளிம்பில் அது 24 மி.மீ. பயப்பட வேண்டாம். இந்தப் பிசகு மையத்திலிருந்து தூரத்தின் வர்க்கப்படி வளர்வதால், சராசரியாகப் பார்த்தால் சற்று ஆழமான வேறொரு பரவளையமாகவே அது நடந்துகொள்கிறது. விளைவு, குவியம் 1000 மி.மீ.யில் இருக்காது, 955 மி.மீ. அருகே வந்திருக்கும். மிச்சப் பிசகு 5 மி.மீ.க்குள் அடங்கிவிடும். ஃபீடை 1 மீட்டரில் பூட்டிவிட்டு "தட்டு சரியில்லை" என்று கைவிடுபவர்கள் பலர். ஃபீடைத் தாங்கும் கால்களில் 15 செ.மீ. நீளத்துக்குக் காடி வெட்டி, முன்பின் நகர்த்த வழி வையுங்கள்.

இதே சிக்கல் ஜி.எம்.ஆர்.டி.யின் 45 மீட்டர் தட்டில் பூதாகரமாகும். அங்கே 16 விலாக்கள். அவற்றின் மேல் வெறும் வலையை நேராக இழுத்திருந்தால் விளிம்பில் 26 செ.மீ. தூக்கியிருக்கும். அதனால்தான் அதைக் கட்டிய, கோவிந்த் ஸ்வரூப் தலைமையிலான குழு விலாக்களுக்கு நடுவே எவர்சில்வர் கயிறுகளைச் சட்டம் போல இழுத்துக் கட்டி, வலையைச் சிறு சிறு தட்டை முகங்களாக அந்தக் கயிறுகளில் தைத்தது. இந்த அமைப்புக்கு ஸ்மார்ட் என்று பெயர். நம் தட்டுக்கு அது தேவையில்லை.

ஃபீடு

15 செ.மீ. உள்விட்டம், 28 செ.மீ. நீளம், ஒரு பக்கம் மூடிய உருளை. தகர வேலை செய்பவரிடம் ஜி.ஐ. தகட்டில் செய்யச் சொல்லலாம். விட்டம் 12.4 செ.மீ.க்குக் கீழே போனால் இந்த அலை உள்ளேயே நுழையாது. 16ஐத் தாண்டினால் வேண்டாத இன்னொரு அலைவடிவமும் கூட வரும். மூடிய முனையிலிருந்து 93 மி.மீ. தள்ளி ஓட்டை போட்டு, 'N' வகை கனெக்டர் பொருத்தி, அதன் நடு ஊசியில் 2 மி.மீ. செம்புக் கம்பியைப் பற்றவையுங்கள். உள்ளே நீட்டும் நீளம் 50 மி.மீ. இதில் ஒரு மி.மீ. கூடுதலாக விட்டு, பிறகு தேய்த்துக் குறைப்பது நல்லது. டப்பாவின் வாய் தட்டைப் பார்க்க, குவியப்புள்ளி வாய்க்கு ஒரு செ.மீ. உள்ளே விழட்டும்.

ஆம்ப்ளிஃபயர் கனெக்டரிலேயே நேராக மாட்டப்பட வேண்டும். நடுவில் 0.5 டெசிபல் இழக்கும் கேபிள் துண்டு போட்டாலும் 35 கெல்வின் இரைச்சல் கூடும். அரை இஞ்சு வலையில் கசிந்து வரும் 8 கெல்வினைப் போல நாலு மடங்கு அது. 1420 மெகாஹெர்ட்ஸுக்கான ஃபில்ட்டர் உள்ளடக்கிய ஆம்ப்ளிஃபயரையே வாங்குங்கள். 1400 முதல் 1427 வரை உலகெங்கும் வானியலுக்கு ஒதுக்கிய பட்டைதான். ஆனால் 900, 1800 மெகாஹெர்ட்ஸ் செல்ஃபோன் கோபுரம் பக்கத்தில் இருந்தால் ஃபில்ட்டர் இல்லாத ஆம்ப்ளிஃபயர் திணறிவிடும். அதற்குப் பிறகு சாதாரண யு.எஸ்.பி. எஸ்.டி.ஆர். (கணினி மென்பொருளால் இயங்கும் சிறிய ரேடியோ ரிசீவர்) போதும்.

சூரியனை வைத்துச் சரிசெய்தல்

தட்டைச் சூரியன் பக்கம் திருப்புங்கள். டப்பாவின் நிழல் மையத் தகட்டில் நட்டநடுவே விழுந்தால் குறி சரி. வலையாக இருப்பதில் இங்கே ஒரு நிம்மதி: பளபளக்கும் தகட்டுத் தட்டு சூரிய வெளிச்சத்தையும் குவித்து ஃபீடைப் பொசுக்கிவிடும், வலை அதைச் செய்யாது. இந்த அளவுத் தட்டில் சூரியன் சுமார் 500 கெல்வின் தரும். வெற்று வானத்தைவிட 5 முதல் 7 டெசிபல் ஏற வேண்டும். ஃபீடை 1 செ.மீ. 1 செ.மீ.யாக நகர்த்தி, அதிகம் ஏறும் இடத்தில் பூட்டுங்கள். 2 டெசிபல்தான் ஏறுகிறது என்றால் முதலில் செம்புக் கம்பி டப்பாச் சுவரைத் தொடுகிறதா என்று பாருங்கள், அடுத்து குவியம், கடைசியாக வலை.

ஹைட்ரஜனுக்கு, தட்டைத் தெற்கு–வடக்குக் கோட்டில் நிறுத்தி, உயரத்தை மட்டும் மாற்றினால் போதும். பூமி சுற்றி வானத்தை நகர்த்திக் கொடுக்கும். பார்வை அகலம் 6 பாகை, ஒரு இடம் கடக்க ஏறக்குறைய 25 நிமிடம். திருச்சி அட்சரேகையில் சிக்னஸ் விண்மீன் மண்டலம் வடக்கே 61 பாகை உயரத்தில் கடக்கும். தொடங்க நல்ல இடம் அது. எஸ்.டி.ஆர். மையத்தை 1420.8 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். கருவியால் மையத்திலேயே எழும் போலி முள் (கூரான மேடு), 1420.406இல் உள்ள ஹைட்ரஜன் கோட்டின் மேல் விழாது. 2.4 மெகாஹெர்ட்ஸை 512 சேனலாகப் பிரித்தால் ஒரு சேனல் ஏறக்குறைய ஒரு வினாடிக்கு 1 கி.மீ. வேகத்துக்குச் சமம். ஒரு நிமிடம் சராசரி எடுத்தால் இரைச்சல் 0.3 கெல்வினுக்கு இறங்கும். பால்வீதித் தளத்தில் ஹைட்ரஜன் பல பத்துக் கெல்வின் தரும் என்பதால் மேடு கண்ணுக்கே தெரியும். பால்வீதியை விட்டு விலகிய திசையில் ஒரு பதிவு எடுத்து, அதால் வகுத்தால் கருவியின் சொந்த மேடுபள்ளம் நீங்கும்.

பின்னால் வரும் கோளாறுகள்

வெட்டிய கம்பி முனைகளில்தான் துரு தொடங்கும். வெட்டியதுமே துத்தநாக பெயின்ட் தொட்டு வையுங்கள். கடலோர ஊர்களில் ஜி.ஐ. வலையை அலுமினியக் குழாயில் கட்டவே கட்டாதீர்கள், உப்புக் காற்றில் இரண்டும் ஒன்றையொன்று தின்னும். கட்டுகள் தளர்ந்து துருப்பிடித்த இடம் டயோடு போல நடந்துகொண்டு, அருகிலுள்ள செல்ஃபோன் அலைகளைக் கலந்து புதிய அலைகளை உண்டாக்கும். காற்று அடிக்கும்போது மட்டும் தோன்றி மறையும் முட்கள் தெரிந்தால் கட்டுகளைச் சோதியுங்கள்.

மாலையில் இரைச்சல் ஏறி, விடியலில் இறங்கினால் அது வானம் அல்ல, பக்கத்து எல்.இ.டி. விளக்கும் இன்வெர்ட்டரும். தட்டைத் தாழ்த்தத் தாழ்த்த இரைச்சல் ஏறினால், ஃபீடு விளிம்பைத் தாண்டித் தரையைப் பார்க்கிறது. டப்பா தட்டை விட்டு அதிகம் தள்ளிப் போய்விட்டதா என்று பாருங்கள். டப்பாவின் வாயை மெல்லிய தெர்மாகோலால் மூடி, ஓரத்தைச் சிலிக்கானால் அடைத்துவிடுங்கள். ரேடியோ அலைக்கு அது தெரியாது. குளவி கூடு கட்டாது, மழைத் தண்ணீர் கனெக்டருக்குள் இறங்காது. டப்பா வானத்தை விட்டுக் கீழ்நோக்கியே நிற்பதால் அடியில் ஓட்டை வேண்டியதில்லை. கேபிள் இறங்கும் இடத்தில் மட்டும், தண்ணீர் சொட்டிப் போக ஒரு வளையம் தொங்கவிட்டு, தட்டின் சட்டத்தைத் தனிக் கம்பியால் எர்த்தில் இணையுங்கள்.